காதுகேளாதோருக்கான கணினி வசதிகள்: பினாங்குத் தமிழ் வீடுகளுக்கு எட்டுவது எவ்வளவு?

விண்டோஸ் 10 கணினிகளுக்கு வழங்கிவந்த பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. பழைய மடிக்கணினியை இன்னும் ஓட்டலாமா, மாற்றித்தான் ஆகவேண்டுமா என்ற கேள்வி பல வீடுகளில் எழுந்தது. பெரும்பாலோருக்கு இது பாதுகாப்பு பற்றிய கவலை. காது சரியாகக் கேட்காதவர்களுக்கோ இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பேச்சை அப்படியே திரையில் எழுத்தாக ஓடவிடும் ‘லைவ் கேப்ஷன்ஸ்’ வசதி 2022-இல் விண்டோஸ் 11-க்குத்தான் கொடுக்கப்பட்டது. விண்டோஸ் 10-க்கு அது வரவேயில்லை. அண்ணன் படித்து முடித்து, தங்கைக்குப் போய், கடைசியில் அப்பா கையில் வந்து சேர்ந்த கணினியில் அந்த வசதியைத் தேடிப் பயனில்லை.

சரி, புதுக் கணினி வாங்கிவிட்டால் தீர்ந்துவிடுமா? தமிழ் வீட்டுக்குத் தீராது. தொடக்கத்தில் அந்த வசதி அமெரிக்க ஆங்கிலத்தை மட்டுமே புரிந்துகொண்டது. 2023-இல் சீனம், ஜப்பானியம், கொரியம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் என்று பட்டியல் நீண்டது. அந்தப் பட்டியலில் தமிழும் இல்லை, மலாயும் இல்லை. காதுகேளாதோருக்கான கணினி வசதிகளைப் பற்றிப் பேசும்போது பினாங்கு வாசகர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். வசதி பெட்டிக்குள் இருக்கிறது, காசும் கேட்பதில்லை. ஆனால் எந்த வசதி எந்த மொழியைக் கேட்கும், அது வீட்டிலுள்ள யாருக்குப் பயன்படும் என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்தால்தான் அது வேலைக்கு ஆகும்.

இந்த விஷயம் ஏதோ சிலருடையது என்று ஒதுக்கிவிட முடியாது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கைப்படி, உலகில் 150 கோடிக்கும் அதிகமானோருக்கு ஏதோ ஓர் அளவில் செவித்திறன் குறைந்திருக்கிறது. அவர்களில் சுமார் 43 கோடிப் பேருக்கு மறுவாழ்வு உதவி தேவைப்படும் அளவுக்குக் குறைவு உண்டு. 2050-க்குள் இந்த எண்ணிக்கை 70 கோடியைத் தாண்டும் என்பது அதே அறிக்கையின் கணிப்பு. வயது ஒரு காரணம். இரைச்சல் இன்னொரு காரணம்.

இரைச்சல் என்று சொன்னவுடன் பினாங்குத் தமிழர்களின் வேலை வரலாறு கண்முன் வந்து நிற்கும். பெருநிலத்தில் நிபோங் திபால், பத்து காவான் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தோட்ட வேலை. ஆலை இயந்திரம், டிராக்டர், தோளில் மாட்டிப் புல் வெட்டும் இயந்திரம் என்று காதோரமாக நாள் முழுக்க ஓடும் சத்தம். தீவில் 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியபின் பலர் தொழிற்சாலைக்கு மாறினார்கள். பத்து காவானில் தோட்டம் இருந்த நிலத்திலேயே இன்று தொழிற்பேட்டை நிற்கிறது. வேலை மாறியது, சம்பளம் மாறியது. காதுக்குப் பக்கத்தில் இயந்திரம் இருப்பது மட்டும் பலருக்கு மாறவில்லை.

சட்டமும் மெதுவாகத்தான் வந்தது. வேலையிட இரைச்சல் பற்றிய 1989-ஆம் ஆண்டு விதிகள் தொழிற்சாலைகளுக்கானவை. 2019 ஜூன் முதல் நடப்பிலுள்ள புதிய விதிகள், தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ் வந்ததால் தோட்டத் துறையையும் தழுவுகின்றன. ஒரு நாள் வேலையில் சராசரி 85 டெசிபல் என்பது வரம்பு. அதைத் தாண்டும் இடத்தில் வேலை செய்வோருக்கு ஆண்டுக்கொரு முறை முதலாளி செவிப் பரிசோதனை செய்து தரவேண்டும். வேலையால் வந்த செவித்திறன் இழப்பு, ‘சொக்சோ’ என்று பழகிப்போன பெர்கெசோவின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் இன்று 65, 70 வயதில் இருக்கும் பலர் இந்த விதிகளுக்கு முன்பே காதைக் கொடுத்துவிட்டு ஓய்வுபெற்றவர்கள். “அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்” என்பதோடு வீட்டில் விஷயம் முடிந்துவிட்டது.

மந்தம் என்ற சொல்லில் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் கேட்டுவிடும் என்பதே அது. வயதாலோ இரைச்சலாலோ வரும் குறைவு, பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண் ஒலிகளை முதலில் தின்கிறது. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த பக்கம் இருக்கின்றன. ச, ஸ, ஷ போன்றவையும், அழுத்திச் சொல்லும் க, ட, த, ப ஒலிகளின் கூர்மையும் உயர்ந்த பக்கம் இருக்கின்றன. அதனால் பெரியவருக்கு யாரோ பேசுவது கேட்கும்; என்ன பேசினார் என்பது பிடிபடாது. ‘பத்து’ என்றார்களா, ‘பட்டு’ என்றார்களா என்று தடுமாறுவார். “கூப்பிட்டது கேக்கலையாப்பா?” என்று பிள்ளைகள் கத்தினால், தாழ்ந்த ஒலி இன்னும் பெரிதாகி முகத்தில் அறையும், தொலைந்த எழுத்து திரும்பி வராது. கேட்டும் கேட்காததுபோல் இருக்கிறார் என்று மருமகள்மார் குறைபட்டுக்கொள்வதற்கு அடிப்படையே இதுதான்.

இத்தகையவருக்குக் கணினியிலும் கைப்பேசியிலும் உள்ள அமைப்புகளில் மிக எளியது, பலரும் கேள்விப்படாதது, ‘மோனோ ஆடியோ’. பாட்டும் படமும் இடது, வலது என்று இரண்டு தடங்களாகப் பிரிந்து வருகின்றன. ஒரு காது மட்டும் வேலை செய்பவர் காதொலிப்பானை மாட்டிக்கொண்டால், மறு தடத்தில் ஒலிக்கும் வாத்தியமோ குரலோ அவருக்கு இல்லாமலே போய்விடும். மோனோவைத் திறந்தால் இரண்டு தடமும் ஒன்றாகக் கலந்து, கேட்கும் காதுக்கே எல்லாம் வந்துசேரும். பழைய விண்டோஸ் 10-இலும் இது உண்டு, ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் உண்டு. இரண்டே தட்டு.

அடுத்தது, ஒலிக்குப் பதிலாக ஒளி. அழைப்பு வந்தால் கேமரா விளக்கு மின்னும்படி ஐபோனிலும், பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் அமைக்கலாம். கணினியில் அறிவிப்பு ஒலி எழும்போது திரையே ஒருமுறை பளிச்சிடும்படி வைக்கலாம். இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ‘சவுண்ட்சென்ட்ரி’ என்ற பெயரில் விண்டோஸ் 95-இலேயே இருந்தது. முப்பது ஆண்டாகக் கணினிக்குள் கிடக்கும் ஒன்று இன்னும் வீட்டுக்கு அறிமுகமாகவில்லை என்பது யோசிக்கவைக்கிறது.

வீட்டு ஒலிகளைக் கைப்பேசியே கேட்டுச் சொல்லும் வசதியும் 2020 முதல் இரு வகைக் கைப்பேசிகளிலும் வந்துவிட்டது. குழந்தை அழுதால், கதவு தட்டப்பட்டால், புகை எச்சரிக்கை மணி அடித்தால் அதிர்ந்து, திரையில் எழுதிக் காட்டும். குக்கர் விசிலை எண்ணும் வேலைக்கு இதை நம்ப முடியாது. ஆனால் ஐபோனில் 2022 முதல் சொந்த வீட்டு அழைப்பு மணியையும் சமையல் கருவிகளின் ஒலியையும் கற்றுக்கொடுக்க முடியும். ஆபத்து நேரத்துக்கு இதை மட்டும் நம்பியிருக்கக்கூடாது என்று நிறுவனமே எச்சரிக்கிறது. அது நியாயமான எச்சரிக்கைதான்.

இனி எழுத்து. கூகுள் நிறுவனம் 2019 பிப்ரவரியில் ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ என்ற ஆண்ட்ராய்டு செயலியை அறிவித்தது. எதிரில் இருப்பவர் பேசப்பேச எழுத்தாக்கிக் காட்டும். அதன் பின்னணியில் இருந்த ஆய்வாளர்களில் ஒருவர் டிமிட்ரி கனேவ்ஸ்கி, சிறு வயதிலேயே செவித்திறனை இழந்தவர். காதுகேளாதோருக்கான உயர்கல்வியில் உலகப் பெயர்பெற்ற அமெரிக்காவின் கெலோடெட் பல்கலைக்கழகமும் அதில் துணைநின்றது. யூடியூபில் 2009-இல் தானியங்கி வசன எழுத்து வந்தபோது முன்னின்ற பொறியாளர் கென் ஹாரன்ஸ்டியனும் காதுகேளாதவரே. தேவைப்பட்டவர்களே உள்ளே இருந்து செய்ததால்தான் இவை உருப்படியாக வந்தன.

லைவ் டிரான்ஸ்கிரைப் 70-க்கும் மேற்பட்ட மொழிகளோடு தொடங்கியது. அந்தப் பட்டியலில் தமிழ் உண்டு, மலாய் உண்டு. கணினி விட்ட இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொள்கிறது. இரண்டு மொழிகளை வைத்துக்கொண்டு ஒரு தட்டில் மாற்றிக்கொள்ளலாம். பேச்சு கூகுளின் சர்வரில் சேமிக்கப்படுவதில்லை என்று நிறுவனம் சொல்கிறது. செயலி இலவசம், ஆனால் தமிழுக்கு நல்ல இணையத் தொடர்பு வேண்டும். நகரில் அது பெரிய விஷயமில்லை. தோட்டத்து லயத்தில் சிக்னல் ஒரு கோடு வந்து போகும் இடத்தில், எழுத்து பாதியில் நின்றுவிடும்.

இன்னொரு தடை, பேசும் தமிழே. பினாங்கில் யாரும் பாடநூல் தமிழ் பேசுவதில்லை. “பாசார் போயிட்டு தாப்பாவ் பண்ணிட்டு வா, கிளினிக் அப்பாயிண்ட்மெண்ட் மூணு மணிக்கு” என்ற ஒரே வாக்கியத்தில் நான்கு மொழி கலந்துவிடுகிறது. இயந்திரம் ஒரு நேரத்தில் ஒரு மொழியைத்தான் எதிர்பார்க்கிறது. தமிழில் வைத்தால் மலாய்ச் சொல் ஏதோ ஒரு தமிழ்ச் சொல்லாக உருமாறும். நிதானமாக, முகம் பார்த்து, ஒருவர்பின் ஒருவராகப் பேசினால் நன்றாகவே வேலை செய்யும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் விருந்து மேசையில் திணறும். மருத்துவரிடம் பயன்படுத்தும்போது மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வாங்குவதே பாதுகாப்பு; ‘அரை’ மாத்திரை ‘ஆறு’ ஆகிவிட்டால் விளையாட்டில்லை.

தமிழ்க் குடும்பங்களில் அதிகம் புழங்குவது புலனத்தின் குரல்பதிவு. எழுதுவதைவிடப் பேசி அனுப்புவது சுலபம் என்பதால் சாவு வீட்டுச் செய்தியிலிருந்து கல்யாண அழைப்புவரை குரலிலேயே வருகிறது. காது கேட்காதவர் அந்தக் குடும்பக் குழுவில் இருந்தும் இல்லாதவர்தான். 2024 நவம்பரில் குரல்பதிவை எழுத்தாக்கும் வசதியைப் புலனம் அறிவித்தது. தொடக்கப் பட்டியலில் தமிழ் இல்லை. இரண்டாவது கைப்பேசியில் லைவ் டிரான்ஸ்கிரைப்பைத் திறந்து, முதல் கைப்பேசியின் பதிவை அதன் அருகில் ஓடவிடுவது ஒரு சுற்றுவழி. அதைவிட, “பெரியப்பாவுக்கு மட்டும் ரெண்டு வரி எழுதிப் போடுங்க” என்று குழுவில் சொல்லிவைப்பது எளிது.

எழுத்து எல்லாருக்கும் உதவாது என்பதையும் சொல்லவேண்டும். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை போனவர் திரையில் ஓடும் தமிழைப் படித்துவிடுவார். பள்ளிக்கே போகாமல் பால்மரம் வெட்டப் போன பாட்டிக்கு அந்த எழுத்து ஓடியும் என்ன, ஓடாவிட்டால் என்ன? அவருக்கு ஒலியைச் சீராக்கித் தரும் வசதிதான் வேண்டும். ஆண்ட்ராய்டில் ‘சவுண்ட் ஆம்பிளிஃபையர்’ செயலி உண்டு. ஐபோனில் ‘லைவ் லிசன்’ உண்டு. கைப்பேசியைப் பேசுபவர் அருகில் வைத்துவிட்டு காதொலிப்பானில் தெளிவாகக் கேட்கலாம். 2024 செப்டம்பரில் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோ 2 கருவியை, லேசான, நடுத்தரக் குறைவுள்ள பெரியவர்கள் கேட்புக் கருவியாகவே பயன்படுத்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. ஒவ்வொரு நாடும் தனித்தனியே ஒப்புதல் தரவேண்டிய விஷயம் இது. எதுவானாலும் முதலில் காதைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. சில நேரம் காரணம் வெறும் காதுக்குறும்பியாகக்கூட இருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் பேசிப் பழகியபின் காது குறைந்தவர்களைப் பற்றி. பிறவியிலேயே கேளாத பிள்ளைகளின் நிலை முற்றிலும் வேறு. ‘செவிடு’ என்ற ஒரே சொல்லில் இருவரையும் அடைப்பதால் வரும் குழப்பம் கொஞ்சமல்ல.

நாட்டில் காதுகேளாதோர் கல்வியின் தொடக்க இடமே பினாங்குதான். 1954-இல் தஞ்சோங் பூங்காவில் காதுகேளாதோருக்கான கூட்டரசுப் பள்ளி தொடங்கியது. அக்காலத்து முறைப்படி உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும், வாயால் பேசவுமே பயிற்சி கொடுத்தார்கள். வகுப்பில் கைக்கு இடமில்லை. பிள்ளைகள் விடுவார்களா? வகுப்புக்கு வெளியே தங்களுக்குள் ஒரு கைமொழியை உருவாக்கிக்கொண்டார்கள். பினாங்குக் கைமொழி என்று மொழியியலாளர்கள் தனியாகப் பதிவுசெய்திருப்பது அதைத்தான். பின்னாளில் அமெரிக்கக் கைமொழியின் தாக்கத்தோடு மலேசியக் கைமொழி வளர்ந்தது. இன்று பினாங்குக் கைமொழியை அறிந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். 2008-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம், மலேசியக் கைமொழியைக் காதுகேளாத மலேசியர்களின் அதிகாரத்துவ மொழியாக ஏற்றுக்கொண்டது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று பாராமல் எல்லாக் காதுகேளாதோரும் பகிர்ந்துகொள்ளும் மொழி அது. இந்த நாட்டில் அப்படி ஒன்று அமைவது அபூர்வம்.

ஆனால் ஒரு தமிழ் வீட்டுக்குள் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். பிள்ளை பள்ளியில் மலேசியக் கைமொழியில் பேசுகிறது. மலாய் படிக்கிறது, மலாய் எழுதுகிறது. அம்மா தமிழ் பேசுகிறார். பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். வீட்டில் யாரும் கைமொழி கற்கவில்லை என்றால், “சாப்பிட்டியா, தூங்கு, வா, போ” என்ற அளவுக்கு வீட்டுச் சைகைகள் இருக்கும். அதற்கு மேல் ஒரு கதையோ, ஒரு கோபமோ, ஒரு காரணமோ பரிமாறிக்கொள்ள வழியில்லை. இந்தப் பிள்ளைக்காக லைவ் டிரான்ஸ்கிரைப்பைத் திறந்து, அம்மா தமிழில் பேசினால், திரையில் தமிழ் எழுத்துதான் ஓடும். பிள்ளைக்கு அது படிக்கத் தெரியாத எழுத்து. கருவி சரியாக வேலை செய்கிறது. செய்தி மட்டும் போய்ச் சேரவில்லை.

இதற்கு அமைப்பை மலாய்க்கு மாற்றி, அம்மா தனக்குத் தெரிந்த மலாயில் பேசலாம். அல்லது தமிழில் பேசி மொழிபெயர்ப்புச் செயலி வழியாக மலாய் எழுத்தாக்கலாம். அது தடுக்கி விழுந்தாலும், குறுகிய வாக்கியங்களில் ஓரளவு கைகொடுக்கும். பிள்ளை தட்டச்சு செய்த மலாயைத் தமிழில் வாசித்துக்காட்டச் செய்தால் பாட்டியும் பேச்சில் சேர்ந்துகொள்வார். இவையெல்லாம் கைத்தடிகள். குடும்பமே கைமொழி கற்பதற்கு இவை ஈடாகாது. அதில் ஒளிவுமறைவு வேண்டாம். கைமொழியில் பேசும் பிள்ளைக்குக் கணினியில் முக்கியமான அமைப்பு எழுத்தைவிடப் படம்தான். ஸூம் கூட்டத்தில் கைமொழிப் பெயர்ப்பாளரின் படத்தைத் திரையில் நிலையாக நிறுத்திவைப்பது, ஒளி முகத்திலும் கையிலும் விழும்படி உட்காருவது, படம் நின்றுநின்று வராதபடி இணைய வேகம் இருப்பது ஆகியவையே அவர்களுக்குத் தேவை. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடி, பாடம் திரைக்கு வந்தபோது, முகக்கவசம் உதட்டையும் மறைத்தபோது, இந்த அமைப்புகளின் அருமை உலகெங்கும் உறைத்தது. எல்லாப் பயனருக்கும் தானியங்கி எழுத்தை இலவசமாகத் தருவதாக ஸூம் அறிவித்தது 2021-இல்தான்.

ஒலியைத் திரைக்கு மாற்றினால் வேலையிடம் எப்படி மாறும் என்பதற்குக் கோலாலம்பூர் பங்சாரில் ஓர் உதாரணம் உண்டு. ஸ்டார்பக்ஸ் நிறுவனம் உலகிலேயே முதல் கைமொழிக் கடையை 2016-இல் அங்குதான் திறந்தது. பின்னர் பினாங்கு பர்மா சாலையிலும் அத்தகைய கடை வந்தது. வாடிக்கையாளரின் பெயரைக் கத்திக் கூப்பிடுவதற்குப் பதிலாக எண்ணைத் திரையில் காட்டுகிறார்கள். ஒரு காப்பிக் கடையால் முடிந்தது அரசாங்கச் சிற்றிலாகா முகப்பிலும் முடியும். எண் திரையில் வருவது பல இடங்களில் இருக்கிறது. ஆனால் திரை பழுதாகி, ஊழியர் வாயால் கூப்பிடத் தொடங்கும் அன்று காதுகேளாதவர் மாலைவரை நாற்காலியிலேயே இருப்பார்.

சட்டத்தின் பலம் எவ்வளவு? 2008-ஆம் ஆண்டுச் சட்டம், தகவல், தொடர்பு, தொழில்நுட்பம் ஆகியவற்றில் மாற்றுத் திறனாளிகளுக்குச் சம உரிமை உண்டு என்கிறது. 2010-இல் மலேசியா ஐக்கிய நாடுகளின் மாற்றுத் திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்தையும் ஏற்றது. ஆனால் வசதி செய்யாதவருக்குத் தண்டனை எதையும் அச்சட்டம் வைக்கவில்லை. அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுப்பதையும் அதே சட்டத்தின் பிரிவு ஒன்று தடுக்கிறது. கூட்டரசு அரசமைப்பின் 8-ஆவது பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பாலினம் என்று பாகுபாட்டுக்குரிய காரணங்களை அடுக்குகிறது. உடற்குறை அதில் இல்லை. திருத்தம் பற்றிய பேச்சு நீண்ட காலமாக நடக்கிறது. அதுவரை, உரிமை என்பது கேட்டுப் பெறும் சலுகையாகவே இருக்கும்.

சலுகைகளிலும் ஒரு வேடிக்கை. காதுக் கருவி போன்ற அடிப்படை உபகரணங்களுக்கு 6,000 ரிங்கிட்வரை வருமான வரிக் கழிவு உண்டு. வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் உள்ளவருக்கு அது நல்ல உதவி. தோட்டத்திலிருந்து ஓய்வுபெற்று, வரிக் கணக்கே இல்லாதவருக்கு அதனால் ஒரு காசு பயனில்லை. அவருக்கு வழி, சமூகநல இலாகாவில் மாற்றுத் திறனாளியாகப் பதிந்துகொண்டு, துணைக் கருவிக்கான உதவிக்கு விண்ணப்பிப்பது. அட்டை எடுத்தால் ஊர் என்ன சொல்லுமோ, பேத்தி கல்யாணத்துக்குத் தடங்கலாகுமோ என்று தயங்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்தத் தயக்கத்தை எந்த அமைப்பும் திறந்துவிடாது.

குறை அரசாங்கத்திடம் மட்டும் இல்லை. தமிழ்ச் சங்கங்கள், கோயில் நிர்வாகங்கள், அரசியல் கட்சிகள், செய்தித்தளங்கள் என்று எல்லாரும் இன்று முகநூலில் காணொளி போடுகிறார்கள். தமிழ் வசன எழுத்து எத்தனையில் இருக்கிறது? முகப்புப் படத்தில் கொட்டை எழுத்தில் தலைப்பு இருக்கும். உள்ளே இருபது நிமிடப் பேச்சுக்கு ஒரு வரி இருக்காது. தமிழ்ச் செய்தி ஊடகங்களும் இதில் விலக்கல்ல. இணையத்தளங்களுக்கான பன்னாட்டு அணுகல் வழிகாட்டியில், பதிவுசெய்த காணொளிக்கு வசன எழுத்து என்பது ஆகக் கீழ்மட்ட விதி. அதைக்கூட எட்டாமல் சமுதாயத்தின் எல்லாருக்கும் சொல்கிறோம் என்று சொல்வது பொருந்தவில்லை.

தமிழ்ப் படம் பார்ப்பதில் மட்டும் மலேசியக் காதுகேளாதோருக்கு எதிர்பாராத ஒரு நன்மை வாய்த்திருக்கிறது. இங்கே திரையரங்கிலும் தொலைக்காட்சியிலும் தமிழ்ப் படங்கள் மலாய் வசன எழுத்தோடு ஓடுவது வழக்கம். அது பிற இனத்தவருக்காக வந்தது. ஆனால் மலாய் மட்டுமே படிக்கத் தெரிந்த காதுகேளாத தமிழ்ப் பிள்ளை தன் வீட்டாரோடு உட்கார்ந்து அதே படத்தை ரசிக்க முடிகிறது. தமிழ்நாட்டில் உள்ள அவனையொத்த பிள்ளைக்கு இது எளிதில் கிடைப்பதில்லை. அங்கே 2024 மார்ச்சில்தான் இந்திய அரசு திரையரங்கப் படங்களுக்கான அணுகல் வழிகாட்டியை வெளியிட்டு, படிப்படியாக வசன எழுத்தைக் கட்டாயமாக்கத் தொடங்கியது. வசன மொழிபெயர்ப்பு வேறு, காதுகேளாதோருக்கான எழுத்து வேறு என்பதும் உண்மை. பின்னது கதவு தட்டும் ஓசையையும், திரைக்கு வெளியே யார் பேசுகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லும்.

திறந்துவிடும் ஆள் யார் என்ற கேள்விக்கு வருவோம். கைப்பேசி அமைப்புகளில் இந்தப் பகுதி ஆங்கிலத்தில் ‘அக்சசிபிலிட்டி’ என்றும், மலாய் ஆண்ட்ராய்டில் ‘கெபோலெஹாக்செசான்’ என்றும் இருக்கும். அந்தச் சொல்லைப் பார்த்தே பெரியவர்கள் கடந்துவிடுவார்கள். கையை விரித்து நிற்கும் ஒரு மனித உருவம் அதன் பக்கத்தில் இருக்கும். அதைத் தேடச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆறாம் வகுப்பு மாணவனுக்கு இந்த உருவத்தின் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு பாட நேரத்தில் காட்டிவிடலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தன்று ஒரு மேசை போட்டு, வருவோரின் கைப்பேசியில் மோனோவையும் மின்னும் விளக்கையும் லைவ் டிரான்ஸ்கிரைப்பையும் அமைத்துக் கொடுக்க ஆகும் நேரம், ஆளுக்குப் பத்து நிமிடம். அந்த மேசையில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இவர் எந்த மொழியைப் படிப்பார்?

விண்டோஸ் 10 கணினியை இப்போதைக்கு மாற்ற முடியாதவர்கள், அதன் அமைப்புகளில் ‘ஈஸ் ஆஃப் அக்சஸ்’ பகுதிக்குப் போனால், ‘ஆடியோ’ என்பதன்கீழ் மோனோவும் திரை பளிச்சிடும் எச்சரிக்கையும் இருப்பதைக் காணலாம். குரோம் உலாவியில் 2021 முதல் தனியாக ஒரு நேரடி எழுத்து வசதி உண்டு. அது ஆங்கிலத்தோடு தொடங்கியது. தமிழ்க் கூட்டமோ, தமிழ்ச் சொற்பொழிவோ, பேரன் வெளியூரிலிருந்து பேசும் காணொளி அழைப்போ என்றால், கணினியின் ஒலிபெருக்கி அருகில் ஆண்ட்ராய்டு கைப்பேசியை நிறுத்தி, லைவ் டிரான்ஸ்கிரைப்பைத் தமிழில் வைத்து, எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். மின்விசிறியைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் பிழை குறையும்.